கஞ்சிப்பாசிக்குப் பிழிந்த எலுமிச்சம்பழம்

உக்காரு தங்கச்சி, இடம் இருக்கு. கூடையை நான் மடியில வச்சுக்கிறேன். மூஞ்சியைச் சுளிக்காத, மீனு இல்ல. பாசி. கடல்ல விளையுற கஞ்சிப்பாசி. மோந்து பாரேன், எலுமிச்சம்பழ வாசம்தான் வரும், கவிச்சி ஒரு பொட்டு இருக்காது. அந்த வாசத்தால வந்த வினையைத்தான் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலருந்து நெனச்சுக்கிட்டே வர்றேன். நீ எங்க, ராமநாதபுரமா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடி சங்குமுனை விலக்குல எறங்கிருவேன். அதுக்குள்ள உங்கிட்ட ஒரு நியாயம் கேக்கணும். நீ எங்க ஊரும் இல்ல, எங்க சனமும் இல்ல. உனக்கு எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்ல.

எம்பேரு களஞ்சியம். சங்குமுனையில பாசி எடுக்குற பொம்பளைக இருபத்தேழு பேரு இருக்கோம். எங்களுக்குன்னு ஒரு சங்கம். நான்தான் தலைவி. நானாப் போயி கேக்கல, அவங்களா வச்சாங்க. கேட்டேன், ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

பாசி எடுக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல பாத்துக்க. கண்ணுல கண்ணாடி, விரலுக்கு விரல் துணியைச் சுத்திக்கிட்டு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு முங்கணும். பாறையைத் தடவிப் புடுங்கி இடுப்புப் பையில போடணும். மாசம் பன்னெண்டு நாளுதான் எறங்குவோம். மத்த நாளு கடலு வளத்துக்கிடட்டும்னு விட்டுருவோம். அது நாங்களே போட்டுக்கிட்ட கட்டு. அந்தப் பன்னெண்டு நாளை ஒரு நீருன்னு சொல்லுவோம். ஒரு நீரு போச்சுன்னா அந்த மாசமே போச்சுன்னு வச்சுக்க.

எடுத்த பாசியைக் காய வச்சு, வேணுங்கிறப்ப கொதிக்க வச்சா கொழகொழன்னு கஞ்சியாயிரும். வெயில் காலத்துல வயித்துக்கு அம்புட்டுக் குளுமை. நாங்க காலங்காலமாக் குடிக்கிறதுதான். இப்பத்தான் மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சிருக்கான். பொடியாக்கி டப்பாவுல அடைச்சு விக்கப் போறானாம். வருசம் பூரா உங்க ஊருப் பாசிதான் வேணும்னான். ஆனா ஒரு கண்டிசன். தூத்துக்குடியில பாசியை அளக்குற லேப்பு ஒண்ணு இருக்கு, அங்க பாஸாகணும்.

அளக்குறதுன்னா எடை போடுறது இல்ல. நானும் அப்படித்தான் நெனச்சேன். பாசிக்குள்ள என்னென்ன இருக்குன்னு அளக்குறது. கால்சியம் எம்புட்டு, இரும்பு எம்புட்டு, அயோடின் எம்புட்டு. அதெல்லாம் நல்லது. அப்புறம் ஒடம்புக்கு ஆகாதது இருக்குல்ல, காரீயம், பாதரசம், காட்மியம்னு ஒண்ணு, அதெல்லாம் எம்புட்டு. கடல்ல இருக்குறதை எல்லாம் பாசி உறிஞ்சி வச்சுக்கிடுமாம். நல்லதையும் விடாது, கெட்டதையும் விடாது. காரீயம் கூடப் போச்சுன்னா எங்க பாசி மட்டும் இல்ல, எங்க குடாவே கெட்டுப்போச்சுன்னு எழுதிருவாங்களாம். அப்புறம் எவன் வாங்குவான்?

லேப்புலருந்து ஜெனோவா மேடம் வந்தாங்க. என் மூத்த மக வயசுதான் இருக்கும். ஒல்லி. சாப்புடுதா இல்லையான்னு தெரியல. ஆனா பேச்சு கணீர்னு இருக்கும். மூணு பேரு ஆளுக்கொரு பாசி குடுங்கன்னுச்சு. நான், என் கொழுந்தன் பொண்டாட்டி நம்புக்கனி, அப்புறம் சேதுவம்மான்னு ஒரு பொம்பள. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரு குடுத்துச்சு. “கடல் தண்ணியிலேயே அலசுங்க, நிழல்ல காய வைங்க, இந்தக் கவர்ல போட்டு மூடுங்க. வேற ஒண்ணுமே செய்யாதீங்கம்மா”ன்னு மூணு தரம் சொல்லுச்சு.

“அந்த மிஷினு அம்புட்டு நுணுக்கமாப் பாக்குமா மேடம்?”னு கேட்டேன். “பத்து லட்சம் அரிசியில ஒரே ஒரு கல்லு கெடந்தாலும் கண்டுபுடிச்சிரும்”னுச்சு. என் மாமியாருக்கு அப்புறம் அப்படி ஒரு ஆளை இப்பத்தான் கேள்விப்படுறேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. நம்புக்கனி மட்டும் சிரிக்கல. அவ அப்படித்தான். வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி இருப்பா. இருபது வருசமா ஒரே வாசல்ல கெடக்கோம். நான் பத்து வார்த்தை பேசுனா அவ ஒண்ணு பேசுவா. நான் அதிகம் பேசுற ஆளும் இல்ல, உனக்கே தெரியும். அவ மூச்சுப் புடிக்கிறதுல கெட்டிக்காரி, அது வேற விசயம். நான் ரெண்டு தரம் முங்கி எடுக்குறதை அவ ஒரே முங்குல எடுத்துருவா. அதை நான் என்னைக்காவது சொல்லிக் காட்டியிருக்கேனா? இல்ல.

இப்ப நீயே சொல்லு. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா புள்ளையை அழுக்குச் சீலையோட கொண்டாந்து நிறுத்துவோமா? தலை சீவி, பூ வச்சுத்தானே நிறுத்துவோம். பத்து லட்சத்துல ஒண்ணைப் பாக்குற மிஷினு. அதுக்கு முன்னாடி மணலும் சேறுமா, கடல் தண்ணியில ஒரு அலசு அலசி அனுப்புறதா? மேடம் சின்னப்புள்ள, அது மரியாதைக்குச் சொல்லும். நம்மதான் பாத்துச் செய்யணும்.

என் கல்யாணத்துக்கு எங்கம்மா வீட்டுலருந்து சீரு வந்த பித்தளை அண்டா ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அதை எறக்கினேன். ஒத்தையில தூக்க முடியாது, நம்புக்கனிதான் ஒரு பக்கம் புடிச்சா. சாயல்குடிச் சந்தைக்குக் கொண்டுபோயி, உள்பக்கம் வெள்ளையா உருக்கிப் பூசுவாங்கல்ல, கலாய், அதைப் பூசி வாங்கியாந்தேன். வெள்ளிப் பாத்திரம் தோத்துரும். அதுல மழைத்தண்ணியை ஊத்தி, பாசியைப் போட்டு, எட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டேன். காலையில போட்டது, பொழுது சாயத்தான் எடுத்தேன். நெறமே மாறி மல்லிகைப் பூ கணக்கா இருந்துச்சு. வாசம்னா வாசம்.

என்னது? பித்தளையில புளிப்பைப் போட்டு வைக்கலாமான்னா கேக்குற? நீயும் மேடம் மாதிரியே கேக்குறியே. முழுசாக் கேளு முதல்ல.

மூணு கவரையும் தூத்துக்குடிக்குக் கொண்டுபோயி குடுக்க ஆளு வேணும். எனக்கு அன்னைக்குப் பல்லு வலி. நம்புக்கனிதான் கொண்டு போனா. எட்டு நாளு கழிச்சு போனு வருது. சேதுவம்மா பாசி பாஸு. நம்புக்கனி பாசி பாஸு. ரெண்டுலயும் கால்சியம் கொட்டிக் கெடக்காம், இரும்பு கீரையைவிடக் கூடவாம். களஞ்சியம் பாசியில மட்டும் காரீயம். கொஞ்ச நஞ்சம் இல்ல. மேடமே பயந்துபோயி மூணு தரம் மிஷின்ல போட்டுப் பாத்துச்சாம். செம்பும் ஏறியிருக்குன்னாங்க. மறுபடி மூணு பேருமே பாசி குடுக்கணும், இதுலயும் தப்பா வந்தா குடாவையே எழுதிருவோம்னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மணலோட அனுப்புனவளுக பாஸு. மல்லிகைப் பூ மாதிரி அனுப்புனவ பெயிலு.

நான் யாரு மேலயும் பழி போடுற ஆளு இல்ல. ஆனா கணக்கு இடிக்குதுல்ல? ஒரே குடா, ஒரே நாளு, பக்கத்துப் பக்கத்துப் பாறை. நடுவுல கவரு யாரு கையில இருந்துச்சு? நம்புக்கனி கையில. என் கொழுந்தன் என்ன வேலை பாக்குறான்? வலை கட்டுறான். வலையோட அடிக்கயித்துல என்ன கோத்திருக்கும்? காரீயக் குண்டு. அவ வீட்டுல அரிசிப்பானையைத் தவிர மத்த எடமெல்லாம் காரீயக் குண்டுதான் உருளும். அதுல ஒண்ணை எடுத்து என் பாசியில போட்டு ஒரு குலுக்குக் குலுக்கி எடுத்துட்டா மிஷினுக்குத் தெரியாமலா இருக்கும்?

சங்கத்தைக் கூட்டுனேன். எல்லாரு முன்னாடியும் இதைச் சொன்னேன். நம்புக்கனி எந்திரிச்சு நின்னா. “அக்கா, அந்த அண்டா...”ன்னு ஆரம்பிச்சா. எனக்கு வந்துச்சே கோவம்! “எங்கம்மா வீட்டுச் சீரைப் பத்தி நீ வாயைத் தொறக்காத”ன்னேன். அவ்வளவுதான், உக்காந்துட்டா. அப்புறம் ஒரு வார்த்தை பேசல. பேசாதவ மேல சனத்துக்குச் சந்தேகம் வரும்ல? வந்துருச்சு. விசயம் தெளியுற வரைக்கும் அவ படகுல ஏறக் கூடாதுன்னு முடிவாச்சு. எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. நான் கையைத் தூக்குனேன், அதைப் பாத்து அவங்களும் தூக்குனாங்க.

போன நீரு பூரா அவ கடல்ல எறங்கல. பன்னெண்டு நாளும் நாங்க படகேறுறப்ப கரையில வந்து நிப்பா. எதுக்கு நிக்கிறான்னு எனக்கு எரிச்சலா வரும். எம் பொண்ணோட புள்ளைக்குக் காச்ச வந்தப்ப நாங்க கடல்ல இருந்தோம். அவதான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாளாம். நான் கேட்டேனா? அவளா ஓடுனா.

சரி, விசயத்துக்கு வர்றேன். ரெண்டாவது தடவை நானே கொண்டு போனேன். நம்புக்கனி பங்குக்கு அவ முன்னாடியே காய வச்சிருந்த பாசி. ஒருத்தியையும் நம்பல. இந்தத் தடவை என் பாசிக்குப் பதினாறு பழம். ரெண்டு நாளு ஊறுனுச்சு. காலையில முத பஸ்ஸைப் புடிச்சு மேடத்து மேசையில மூணு கவரையும் வச்சேன்.

மேடம் என் கவரைத் தொறந்துச்சு. மூக்கு சுருங்குனுச்சு. “என்னம்மா, எலுமிச்சம்பழ வாசம் வருது?”ன்னுச்சு. கேக்குறதுக்கு இப்பவாவது ஒரு ஆளு வந்துச்சேன்னு எனக்கு ஒரே பெருமை. அண்டாவுலருந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாமச் சொன்னேன். அது கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சுச்சு. ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிச்சு. அழுகுதோன்னு பயந்துட்டேன். தோளு குலுங்குது. சிரிக்குது! பக்கத்து ரூம்புலருந்து ரெண்டு பேரைக் கூப்புட்டு, “அம்மா, இவங்களுக்கும் ஒரு தரம் சொல்லுங்க”ன்னுச்சு. சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க.

“மேடம், நான் என்ன நாடகக்காரியா?”ன்னேன். அப்புறம்தான் நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு நெதானமாச் சொல்லுச்சு. கலாய் பூசுனவன் காரீயத்தைக் கலந்துட்டானாம். அதுல புளிப்பு பட்டதும் கரைஞ்சு தண்ணியில எறங்கியிருக்கு. எறங்குனதைப் பாசி குடிச்சிருக்கு. உறிஞ்சுறதுதான் அதோட குணமாம். கடல்ல இல்லாத காரீயத்தை நீங்கதாம்மா ஊட்டி வளத்திருக்கீங்கன்னுச்சு. அந்த அண்டாவுல இனிமே தண்ணிகூடப் புடிக்காதீங்கன்னும் சொல்லிருச்சு.

நான் விடுவேனா? “அப்ப இந்தப் பாசியை எதுல சேக்குறது? என் பாறைப் பாசி நல்லதுதான்னு யாரு சொல்லுவா?”ன்னு கேட்டேன். அப்பத்தான் மேடம் கூடையை எட்டிப் பாத்துச்சு. அடியில ஒரு பொட்டலம் இருந்துச்சு. மேடம் ஒல்லியா இருக்கே, கஞ்சி காச்சிக் குடிக்கட்டும்னு கொண்டு போனது. அதுவும் என் பாறையில எடுத்ததுதான். “இதையும் எலுமிச்சம்பழத்துல ஊறப் போட்டீங்களா?”ன்னுச்சு. “இது சாப்புடத்தானே மேடம், இதுக்கெதுக்கு அம்புட்டு சோடனை? கடல் தண்ணியில அலசி காய வச்சதோட சரி”ன்னேன். மறுபடி கண்ணாடியைக் கழட்டிருச்சு.

என் கவருக்குப் பதிலா அந்தப் பொட்டலத்தையும், மத்த ரெண்டு பேரு கவரையும் அளந்தாங்க. நானும் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்தேன். பாசியைப் பொடியாக்கி, ஆசிட்டுல கரைச்சு, தண்ணி மாதிரி ஆக்கி, மெல்லிசாக் குழாய் வழியா நெருப்புக்குள்ள விடுறாங்க. அந்த நெருப்பைப் பாத்து மிஷினு நம்பரு சொல்லுது. தீ முன்னாடி நின்னா பொய் சொல்ல முடியாதுங்கிறது பாசிக்கும் உண்டு போல. மூணரை மணிக்கு மேடம் வெளிய வந்துச்சு. பாஸும்மா, மூணும் பாஸு, உங்க குடாவைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுச்சு. இந்தா பாரு, ரிப்போர்ட்டு இருக்குற கவரு. முத்திரை குத்திக் குடுத்திருக்கு. எண்ணெய்க் கையோட தொடாத.

சந்தோசம்தான். யாரு இல்லைன்னா? ஆனா மேடத்துகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். “முதல்ல மிஷினு தப்பாச் சொல்லிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மிஷினுக்கு என்ன மானமா மரியாதையா, அது ஒண்ணும் நெனச்சுக்கிடாது”ன்னேன். முடியாதுன்னுருச்சு. “மிஷின் சரியாத்தாம்மா சொல்லுச்சு. அது மேல நான் பழி போட மாட்டேன்”ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு. இரும்பு மிஷினுக்காகப் பேச ஒரு மேடம் இருக்கு. எனக்காகப் பேச யாரு இருக்கா?

இப்ப என் நெலமையைப் பாரு. நாளைக்கு அடுத்த நீரு ஆரம்பம். வெள்ளன படகு போகுது. அதுக்குள்ள நான் ஊருல போயி என்னன்னு சொல்லுறது? கலாய்க்காரன் தப்புன்னு சொல்லலாம், ஆனா அவங்கிட்டக் கொண்டு போனது யாருன்னு கேப்பாளுக. எலுமிச்சம்பழத்து மேல சொல்லலாம், அது தானாவா அண்டாவுக்குள்ள குதிச்சுச்சும்பாளுக. நானும் ரெண்டு மணி நேரமா எந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாலும் கடைசியில என் வாசல்ல வந்துதான் நிக்குது. அண்டாவை எறக்குனவ நானு, பிழிஞ்சவ நானு, கையைத் தூக்குனவளும் நானு. ஆனா தங்கச்சி, நான் கெட்ட எண்ணத்துல செய்யலையே? நல்லா இருக்கட்டும்னுதானே செஞ்சேன். அதுக்கு ஏதாச்சும் கழிவு கெடையாதா?

நீ என்ன சொல்லுற? “அப்படியே சொல்லிருங்க”ன்னா? லேசாச் சொல்லிட்ட. இருபது வருசத்துல அவகிட்ட நான் ஒரு தடவைகூட என் தப்புன்னு சொன்னதில்ல. தப்பு செஞ்சாத்தானே சொல்லணும்னு இருந்துட்டேன்.

இரு, போனு அடிக்குது. அய்யோ, அவதான். எடுக்கவா? வேணாம். சங்கத்துல பத்துப் பேருக்கு என் நம்பரு தெரியும், பாசி பாஸான்னு ஒருத்தி கேக்கல. படகுல ஏறாதன்னு சொன்னவ மட்டும் கேக்குறா பாரு. நிறுத்த மாட்டேங்கிறா. எடுக்குறேன்.

ஹலோ. ம். ஆமாடி. பாஸு. மூணும் பாஸுடி. அட கத்தாத, காது வலிக்குது. ஏன்டி இப்ப அழுகுற? சரி, சரி. நான் சாப்புட்டேன். இல்ல, சாப்புடல. ஏய், இரு. வச்சுராத. ஒண்ணு சொல்லணும். கேக்குதா? அண்டாடி. என் அண்டாதான். நீ இல்ல. அண்டான்னு சொல்லுறேன்! கேக்கலையா? என் அண்டாவுலதான்டி காரீயம் இருந்துச்சு! நான்தான் கெடுத்தேன், நீ ஒண்ணும் பண்ணல!

என்ன கண்டக்டரே, திரும்பிப் பாக்குறீங்க? உங்க வேலையைப் பாருங்க.

ம். சொல்லுடி. என்னது? ம். ம். சரி. வைக்கிறேன்.

தண்ணி பாட்டில் வச்சிருக்கியா? குடு. என்ன சொன்னாளா? “தெரியும்க்கா”ங்கிறா. அன்னைக்குக் கவரைக் கொண்டு போறப்பவே வாசத்தைப் புடிச்சுட்டாளாம். காரீயம்னு போனு வந்ததும் அண்டாதான்னு புரிஞ்சிருச்சாம். சங்கத்துல அதைத்தான் சொல்ல எந்திரிச்சிருக்கா. அப்புறம் ஏன்டி உக்காந்தேன்னு கேட்டதுக்கு, “நீங்க தலைவிக்கா. உங்களைப் பாத்துத்தான் மேடம் நம்ம ஊருக்கே வந்தாங்க. அத்தனை பேரு முன்னாடி உங்க மொகம் வாடிப்போனா நல்லாவா இருக்கும்? நான் பன்னெண்டு நாளு வீட்டுல இருந்தா என்ன கொறைஞ்சுரும்”ங்கிறா. இப்பவும் ஊருல ஒண்ணும் சொல்ல வேணாமாம். மிஷினு தப்புன்னே சொல்லிருங்க, நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்ங்கிறா.

பாத்தியா தங்கச்சி, அவ அழுத்தத்தை? தெரிஞ்சுக்கிட்டே இத்தனை நாளு வாயைத் தொறக்காம இருந்திருக்கா. இருபத்தாறு பொம்பளைக மொறைச்சுப் பாத்ததையும் வாங்கிக்கிட்டு, என் பேரனையும் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கா. இதுதான் நியாயமா? ஒரு மனுசியை இப்படியா கடனாளி ஆக்குறது?

அழுகல. கண்ணுல காத்து. அந்த ஷட்டரை எறக்கு.

ஊருல சொல்லாம விட முடியுமா? ஒரு பஸ்ஸு சனத்துக்கே கத்திச் சொல்லியாச்சு. இன்னும் இருபத்தஞ்சு பொம்பளைகதான் பாக்கி. இன்னைக்கே கூட்டிச் சொல்லிருவேன். கையைத் தூக்கச் சொன்னவளே எறக்கச் சொல்லணும். அது முடிஞ்சிரும்.

கண்டக்டரே, சங்குமுனை விலக்கு, நிறுத்துங்க! தங்கச்சி, அந்தக் கவரைப் பாத்து எடுத்துக் குடு. எனக்கு ஊரைப் பத்திப் பயம் இல்ல. நாளைக்கு வெள்ளன படகுல அவ ஏறி, எப்பவும் போல எம்பக்கத்துல வந்து உக்காருவா. அவகிட்ட நான் என்ன பேசி ஆரம்பிப்பேன்? இந்த இருபது வருசமும் சண்டையிலதானே ஆரம்பிச்சிருக்கேன்.